ராஞ்சிக்குக் கடல் இல்லை

இந்தியக் கத்தோலிக்க மறைமாவட்டங்களின் பட்டியலைப் புரட்டுபவர் போர்ட் பிளேரில் வந்து ஒரு கணம் தயங்குவார். அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதையும் உள்ளடக்கிய இந்த மறைமாவட்டம் 1984இல் உருவானது. தீவுகளுக்குக் கப்பல் ஓடுவது சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும்தான். மறைமாவட்டமோ இந்த மூன்று நகரங்களில் எதன் உயர்மறைமாவட்டத்துக்கும் உட்பட்டதில்லை. அது ராஞ்சியின் கீழ் வருகிறது. ஜார்க்கண்ட் மேட்டுநிலத்தில், கடலையே பார்க்காத ஊர் ராஞ்சி. வங்கக் கடலின் நடுவே கிடக்கும் தீவுகளுக்கு அது எப்படித் தலைமையிடமானது?

விடை மனிதர்களிடம் இருக்கிறது. 1918இல் அந்தமான் வனத்துறைக்கு மரம் வெட்ட ஆள் தேவைப்பட்டது. சோட்டா நாக்பூரின் உராவோன், முண்டா, கடியா பழங்குடியினரைக் கூலிக்கு அழைத்து வந்தார்கள். ராஞ்சியில் கத்தோலிக்க மறைபணியாளர்கள் நடத்திய தொழிலாளர் அலுவலகம் ஆள் சேர்த்துக் கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்து பலர் ஊர் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் பாராடாங், ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர்ப் பக்கங்களில் காட்டோரம் குடிசை போட்டு நிலம் திருத்தினார்கள். தீவுகளில் இன்றும் அவர்களுக்குப் பெயர் ‘ராஞ்சிக்காரர்கள்’. அந்தமானில் இன்று காணும் கத்தோலிக்க வாழ்வின் பெரும்பகுதி அவர்கள் தோளில் வந்ததுதான். தமிழர், மலையாளி, கோவாக்காரர் எல்லாம் அதோடு பின்னர் சேர்ந்தவர்கள்.

போர்ட் பிளேரில் விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைன் போன்ற நகர்ப்பகுதிகளில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கலவை புதிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ், இருபத்தெட்டுப் பேருக்கு வங்காளம், பதின்மூன்று பேருக்குத் தெலுங்கு. வீட்டுக்குள் ஒரு மொழி, தெருவில் இந்தி. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இருபத்தொருவர். அவர்களில் நிக்கோபாரியர் பெரும்பாலும் சீர்திருத்த சபையினர், ராஞ்சிக்காரர்களில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் உண்டு. இத்தனை சிறிய இடத்தில் இத்தனை வகை. ஒரு சமய வாழ்வு எங்கே வேர்பிடிக்கிறது, எங்கே வாடுகிறது என்று ஆராய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பார்கள். நிக்கோபாரில் வரலாறே அப்படி ஒரு சோதனையை நடத்தியிருக்கிறது. 1711இல் ஃபௌர், போனே என்ற இரண்டு பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் அங்கே இறங்கினார்கள்; கொல்லப்பட்டார்கள். 1768இல் மொராவிய சபையினர் தரங்கம்பாடியிலிருந்து நான்கவுரித் தீவுக்குப் போனார்கள். கடினமாக உழைக்கக்கூடியவர்கள், பொறுமைசாலிகள். பத்தொன்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். பதினொரு பேரை அந்தத் தீவிலேயே புதைத்தார்கள். காய்ச்சலோடு தரங்கம்பாடி திரும்பிய பதின்மூன்று பேர் அங்கே இறந்தார்கள். 1787இல் எல்லாவற்றையும் கைவிட்டுத் திரும்பியபோது அவர்கள் பின்னே ஒரு சபை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுக் குருக்கள் மீண்டும் முயன்றார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

பிறகு 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு வேதப்பன் சாலமோன் என்ற தமிழர் வந்தார். ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியார்; அரசின் முகவரும் அவரே. பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்த மூஸ் கிராமத்தில் 1884இல் பிறந்த ஒரு சிறுவன் மண்டலேயில் படித்துவிட்டு ஆசிரியராக ஊர் திரும்பினான். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். நிக்கோபாரி மொழியில் செபங்களையும் புதிய ஏற்பாட்டையும் கொண்டுவந்தவர் அவர். 1934இல் குருவானார், 1950இல் ஆயரானார், முதல் மக்களவையில் தீவுகளின் நியமன உறுப்பினராகவும் இருந்தார். அவர் 1978இல் காலமானபோது கார் நிக்கோபார் ஏறக்குறைய முழுவதும் கிறிஸ்தவத் தீவாகியிருந்தது. இருநூறு ஆண்டுகளில் வெளியூர்க் குருக்களால் நடக்காதது, ஒரே ஆயுளில் உள்ளூர்க்காரர் ஒருவரால் நடந்தது.

இது கத்தோலிக்கக் கதையல்ல, ஆங்கிலிக்கன் கதை. ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு மற்றதைப் பேச முடியாது. போதனை மாறவில்லை, தீவு மாறவில்லை, காய்ச்சலும் மாறவில்லை. சொல்பவர் யார், அவர் யாருடைய பிள்ளை என்பது மட்டும் மாறியது.

சோட்டா நாக்பூருக்கு வருவோம். ஃபிளாண்டர்ஸ் நாட்டுப்புறத்தில் மூர்ஸ்லேட என்ற ஊரில் 1856இல் பிறந்தவர் கான்ஸ்டன்ட் லீவன்ஸ். இயேசு சபைக் குரு. 1885இல் தோர்பா என்ற ஊரில் வந்து தங்கினார். முண்டாக்களும் உராவோன்களும் அப்போது ஜமீன்தார்களிடம் நிலத்தைப் பறிகொடுத்து, கூலியில்லாத வெட்டி வேலைக்கு ஆளாகி, புரியாத மொழியில் நடக்கும் கச்சேரியில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். லீவன்ஸ் குத்தகைச் சட்டத்தைப் படித்தார். வழக்காட உதவினார். சில ஆண்டுகளுக்குள் பல பத்தாயிரம் பேர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். காசநோய் அவரை 1893இல் முப்பத்தேழு வயதில் லூவனில் கொண்டுபோனது. அவர் விட்டுப்போன வேலையில் மற்றவர்கள் இறங்கினார்கள். 1908இன் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் உருவானதில் ஜான் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குருவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அவர் தொடங்கியது கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம்.

நிலத்துக்காகத்தானே வந்தார்கள், பக்திக்காகவா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. கச்சேரியில் ஒருவன் தன் பக்கம் நின்றான் என்பது ஒரு விவசாயிக்குச் சின்ன விஷயமா? அவன் யாருக்காக அப்படி நிற்கிறான் என்று கேட்டுத்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நிலத்துக்கும் வழக்குக்கும் தொடர்பே இல்லாத அந்தமான் காட்டிலும் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை என்பதை வேறு எப்படி விளக்குவது?

சோட்டா நாக்பூரில் கிராமத்துக்கு ஒரு பிரசாரக் இருப்பார். நம் ஊர் உபதேசியார்தான். குரு மாதத்துக்கு ஒருமுறையோ, மழைக்காலமென்றால் இன்னும் தாமதித்தோ வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பிப்பதும், சாகக்கிடப்பவர் பக்கத்தில் உட்காருவதும் அவர் வேலை. சோறு சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கமும் அந்த ஊர்களில் உண்டு. தென் தமிழகத்தில் பிடியரிசிக் காணிக்கை என்று பாட்டிகள் சொல்வதும் இதுதான். அடுப்படியில் அம்மா உலைக்குப் போகவேண்டிய அரிசியில் ஒரு பிடியை வேறு பானையில் போடுவதைப் பிள்ளை நாள் தவறாமல் பார்க்கிறது. வீட்டில் அரிசி குறைவான நாளிலும் பார்க்கிறது.

இந்த ஒரு பிடி அரிசிக்கு அறிவியலில் இன்று ஓர் இடம் இருக்கிறது. ஜோசஃப் ஹென்ரிக் என்ற மானுடவியலாளர் 2009இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதப் பிள்ளை பெரியவர்களைப் பார்த்துக் கற்கும் உயிர். ஆனால் வாய்ச்சொல் மலிவானது. யாரும் எதையும் சொல்லலாம். அதனால் பிள்ளையின் மனம் ஒன்றைக் கவனிக்கிறது: சொல்பவர் தாம் சொல்வதை உண்மையென்று நம்பாவிட்டால் செய்யமாட்டாத செயல் எதையாவது செய்கிறாரா? பட்டினி கிடப்பது, நெடுந்தூரம் நடப்பது, கையிலிருப்பதைக் கொடுப்பது. அப்படிப்பட்ட செயலைக் கண்டால் நம்பிக்கை பிள்ளைக்குள் இறங்குகிறது. வெறும் சொல்லென்றால் வழுக்கிப் போய்விடுகிறது. இந்தக் கருத்தைப் படித்தபோது, ஞாயிறு பள்ளிப் பாடங்களைப் பற்றி நாம் செலவிடும் கவலையில் பாதியையாவது வீட்டு அடுப்படிக்குத் திருப்பவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இதன் மறுபக்கத்தை எண்ணால் அளந்தவர்கள் டேவிட் வோஸ், அலஸ்டேர் கிராக்கெட். 2005இல் வெளியான அவர்களின் ஆய்வு, பிரிட்டனின் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டுத் திரட்டிய தரவிலிருந்து எழுதப்பட்டது. பெற்றோர் இருவரும் சமய வாழ்வில் இருந்தால் பிள்ளைக்கு அது போய்ச்சேர ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவருமே இல்லையென்றால் அந்த ‘இல்லாமை’ மட்டும் பிசகாமல் போய்ச்சேர்ந்துவிடுகிறது. ஆகவே அங்கே சமயத்தின் அரைவாழ்வு ஒரு தலைமுறை என்றார்கள். கதிரியக்கத் தனிமம் தேய்வதைப்போல: நூறு பேர் இருந்த இடத்தில் பிள்ளைகள் ஐம்பது, பேரர்கள் இருபத்தைந்து, கொள்ளுப்பேரர்கள் பன்னிரண்டு. யாரும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவில்லை. பெரும்பாலானவர்கள் தாம் விட்டுவிட்டோம் என்பதை உணர்வதுகூட இல்லை.

தேய்வுக்கு ஒரு வரிசையும் இருக்கிறதாம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவைக் கொண்டு யோர்க் ஸ்டால்ஸ் குழுவினர் 2025இல் வெளியிட்ட ஆய்வு இப்படிச் சொல்கிறது: முதலில் வழிபாட்டுக்குப் போவது குறைகிறது. அடுத்த தலைமுறையில், சமயம் தன் வாழ்வுக்கு முக்கியம் என்ற எண்ணம் குறைகிறது. கடைசியில்தான், கணக்கெடுப்பவர் கேட்கும்போது ‘கத்தோலிக்கர்’ என்று சொல்வது நிற்கிறது. பெயர் கடைசியில் போகும் என்பதால், பெயரை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு வீடு காலியாவது தாமதமாகத்தான் தெரியவரும்.

லீவன்ஸ் பிறந்த மண்ணையே பாருங்கள். பெல்ஜியத்தில் 1967இல்கூட நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஞாயிறு பூசைக்குப் போனார்கள். இன்று அது பத்துக்கும் கீழ். ஒருகாலத்தில் உலகத்துக்கே குருக்களை அனுப்பிய நாடு அது. அயர்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் வாரந்தோறும் பூசை கண்டவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். கத்தோலிக்கர் என்று பெயர் கொடுத்தவர்கள் 1961இல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, 2022இல் அறுபத்தொன்பது. இதற்குக் குருக்களும் துறவற இல்லங்களும் பிள்ளைகளுக்கு இழைத்த கொடுமைகளைக் காரணம் காட்டுவார்கள். 2009இல் வந்த ரையன் அறிக்கையும் மர்ஃபி அறிக்கையும் படிக்கவே நெஞ்சு பொறுக்காதவை. அந்தக் குற்றங்களும் அவற்றை மூடிமறைத்ததும் அழிவைப் பல மடங்கு விரைவாக்கின. பிள்ளை தேடுவது சொல்லுக்குப் பொருத்தமான செயலை என்றால், சொல்லுக்கு நேர்மாறான செயலைக் கண்ட தலைமுறை என்ன செய்யும்?

அதற்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு காரணமும் உண்டு. ஆங்கிலேய ஆட்சியின் கீழ் ‘நாம் யார்’ என்ற கேள்விக்கு அயர்லாந்துக்காரனுக்கு இருந்த ஒரே பெரிய பதில் கத்தோலிக்கம். போலந்துக்காரனுக்கு ரஷ்ய, ஜெர்மானிய ஆட்சிகளின் நடுவிலும், கியூபெக்கின் பிரெஞ்சுக்காரனுக்கு ஆங்கிலக் கடலின் நடுவிலும் அப்படியே. சமூகவியலாளர் ஸ்டீவ் புரூஸ் இதைப் பண்பாட்டுக் காவல் என்கிறார். காவல் தேவைப்படும்வரை கோவில் நிறைந்திருக்கும். 1960க்குப் பிறகு கியூபெக்கில் அரசே பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் கையில் எடுத்தது. மொழியைக் காக்க அரசியல் கட்சி வந்தது. ஒரே தலைமுறையில் கோவில்கள் காலியாயின. போலந்தில் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு நாடு முழுவதும் பூசைக்கு வந்தவர்களை எண்ணுவார்கள். 1980இல் பாதிப் பேர் வந்தார்கள். 2022இல் நூற்றுக்கு முப்பதுகூட வரவில்லை.

புரூஸ் சொல்லும் இன்னொரு வகை, இடம்பெயர்ந்தவர்களின் சமயம். தெரியாத ஊரில், தெரியாத மொழிக்கு நடுவில் இறக்கிவிடப்பட்டவனுக்குக் கோவில்தான் சொந்த ஊர். பெண் பார்ப்பது, கடன் கேட்பது, சாவுக்கு ஆள் சேர்வது எல்லாம் அங்கேதான். அந்தமானின் ராஞ்சிக்காரர்கள் இந்த வகை. அவர்களுக்கு இன்றும் ஒரு குறை தீரவில்லை: ஜார்க்கண்டில் பட்டியல் பழங்குடியினரான உராவோனும் முண்டாவும் அந்தமானில் அப்படி இல்லை. தீவுகளின் பழங்குடிப் பட்டியலில் தீவின் ஆதிக்குடிகள் மட்டுமே உண்டு. காட்டை வெட்டிக் கொடுத்தவர்களுக்குச் சட்டத்தில் பெயரில்லாதபோது, பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் ஒன்று வேண்டியிருக்கிறது. பங்கும் பங்குப் பள்ளியும் அந்த இடமாக இருந்திருக்கின்றன.

அப்படியென்றால் வளர்ச்சியும் தேய்வும் தேவையின் ஏற்றயிறக்கம் மட்டும்தானா? அங்கேதான் ஜப்பான் குறுக்கே நிற்கிறது. 1614இல் அங்கே கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது; 1644க்குப் பிறகு மக்களிடையே பணிசெய்ய ஒரு குருகூட இல்லை. 1865 மார்ச்சில் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா கோவிலுக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். அங்கிருந்த பிரெஞ்சுக் குரு பெத்தித்ழானிடம், தாங்களும் அவரும் ஒரே நெஞ்சம் என்று மெல்லச் சொன்னார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல், ஏறக்குறைய ஏழு தலைமுறை, குருவும் பூசையும் இல்லாமல் காத்திருக்கிறார்கள். அவர்கள் வைத்திருந்தது சின்ன ஏற்பாடு: திருநாட்களின் நாட்காட்டியைக் காப்பவர் ஒருவர், பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர், வீடுவீடாகச் செய்தி சொல்பவர் ஒருவர். பிடிபட்டால் சாவு. தேவை என்று பார்த்தால் விட்டுவிடுவதுதான் தேவை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் தகப்பன் உயிரைப் பணயம் வைத்து இதைச் செய்வதைப் பார்த்தது.

அந்த மறைந்த கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் திருச்சபையோடு சேராமல் முன்னோர் வழியிலேயே நின்றார்கள். இகிட்சுகி போன்ற தீவுகளில் இன்று அவர்கள் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைகின்றன. இளைஞர்கள் வேலைக்கு நகரம் போய்விட்டார்கள். மந்திரத்தை மனப்பாடமாக வாங்கிக்கொள்ள வீட்டில் ஆளில்லை. கொடுங்கோலர்களால் முடியாததைச் சம்பளமும் நகரமும் செய்துவிட்டன.

நமக்கு அருகிலேயும் இதே பாடம் உண்டு. டச்சுக்காரர்கள் இலங்கையில் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து குருக்களை விரட்டிய பிறகு, 1687இல் கோவாவிலிருந்து ஜோசஃப் வாஸ் கூலிக்காரன் வேடத்தில் போய்ச்சேர்ந்தார். பல ஆண்டுகள் குருவே இல்லாமல் யாழ்ப்பாணத்திலும் மற்ற இடங்களிலும் விசுவாசத்தைத் தாங்கி நின்ற குடும்பங்களைத்தான் அவர் தேடிப் பிடித்தார். தமிழிலும் சிங்களத்திலும் செபங்களை அமைத்துக் கொடுத்தார். அவர் கண்டியில் இறந்தது 1711இல். நிக்கோபாரில் ஃபௌரும் போனேயும் இறங்கிய அதே ஆண்டு.

உலகக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1910இல் கத்தோலிக்கர்களில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் ஐரோப்பாவில் இருந்தார்கள். 2010இல் இருபத்துநான்கு பேர். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் அதே நூறாண்டில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் 17 கோடியாகப் பெருகினார்கள். மொத்த உலக மக்களில் கத்தோலிக்கர் பங்கு மட்டும் பெரிதாக மாறவில்லை. பதினேழு சதவீதம் பதினாறானது. ஒருபக்கம் வடிந்தது, மறுபக்கம் ஏறியது.

இந்த நிலையில் ஐரோப்பா இந்தியக் குருக்களை வரவழைக்கிறது. ஜெர்மனியின் பங்குகளில் கேரளத்துக்காரரும் தமிழரும் ஜார்க்கண்ட் பழங்குடியினரும் பூசை வைக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் 2022இல் மட்டும் ஜெர்மனியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து முறைப்படி விலகினார்கள். பீடத்தில் ஆளை நிறுத்திவிடலாம். பெஞ்சில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவேண்டிய தகப்பனை இறக்குமதி செய்ய முடியாது. அந்தமான் காடுகளில் குரு இல்லாமல் பிள்ளைகள் விசுவாசம் கற்றார்கள் என்றால், அங்கே அந்தத் தகப்பன் இருந்தான்.

இப்போது அந்தத் தகப்பன்களின் கொள்ளுப்பேரர்கள் வளர்ந்துவிட்டார்கள். 1984இல் முதல் ஆயராக வந்த அலெக்ஸ் டயஸ் கோவாவின் பிலார் சபைக் குரு. 2021இல் அவர் இடத்துக்கு வந்த விசுவாசம் செல்வராஜ் இந்த மறைமாவட்டத்திலேயே குருவாகப் பணிசெய்தவர். முண்டாரி, குடுக், சாத்ரி பேசிய வீடுகளில் இந்தி நுழைந்துவிட்டது. பிள்ளைகள் படிக்கச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். தீவுகளில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லாப் பிள்ளைகளும் விசுவாசத்தில் நின்றாலும்கூட, இந்தக் கணக்கில் அடுத்த தலைமுறை சிறியதாகத்தான் இருக்கும். இடம்பெயர்ந்தவனுக்குக் கோவில் சொந்த ஊராக இருந்தது; அந்தமானையே சொந்த ஊராகக் கொண்டு பிறந்தவனுக்கு அது என்னவாக இருக்கும் என்பதை அவனுடைய பெற்றோர்தான் இப்போது தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போர்ட் பிளேர் மறைமாவட்டத்திடமும், தமிழக மறைமாவட்டங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. போலந்தில் செய்வதுபோல ஆண்டுக்கு ஒரு ஞாயிறு தலைகளை எண்ணுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு பெயரைத்தான் சொல்லும். எண்ணும்போது தாளில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: வந்திருக்கும் பிள்ளை அம்மாவோடு வந்ததா, அப்பாவோடும் வந்ததா, இல்லை பாட்டியோடு மட்டும் வந்ததா?